எழாதிருத்தல் இயல்: கிரேக்க நண்பர் வீட்டுக் கடற்கரை வாசம் குறித்த ஆய்வுரை

கிரேக்கக் கடற்கரையில் நண்பர் வீட்டில் தங்கி, அவசரமின்றி, உருப்படியாக எதையும் செய்யாமல் நாள்களைக் கழிப்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லாதது ஆய்வுலகுக்கு நேர்ந்த பெரும் இழப்பு. இப்படித் தொடங்குவது மரபு, ஆகவே தொடங்கியாயிற்று. பொருளின் எல்லையை வகுப்பது அடுத்த மரபு. கடற்கரை என்று ஈண்டுச் சொல்லப்படுவது ஏஜியன், அயோனியன் என்னும் இரு கடல்களின் கரை. அதன் நீளம் சுமார் 13,700 கிலோமீட்டர் என்பர். 'என்பர்' என்று பட்டும்படாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரையின் நீளம் கடலைப் பொறுத்ததன்று, அளக்கும் கோலைப் பொறுத்தது. நெடுங்காலம் 7,516 கிலோமீட்டராக இருந்த இந்தியக் கடற்கரை, நுட்பமான வரைபடத்தை வைத்துக்கொண்டு மறுபடி அளந்ததும் 11,098 கிலோமீட்டராக வளர்ந்துவிட்டது. இதற்காக ஒரு பிடி மணல்கூடப் புதிதாக ஒதுங்கவில்லை. அளப்பவர் குனியக் குனியப் பொருள் நீளும் என்னும் இவ்விதி ஆய்வேடுகளுக்கும் பொருந்துவதை அவற்றைத் தூக்கிப் பார்த்தவர் அறிவர். நண்பர் என்பவர் தங்குவதற்குக் காசு வாங்காதவர். மெதுவாக என்பது, 'அடுத்து என்ன?' என்று கேட்கத் தோன்றாத மனநிலை. எல்லை இவ்வளவே.

நூற்பா இல்லாமல் உரை எழுதுவது நம் வழக்கமன்று. இப்பொருளுக்குப் பழைய நூற்பா எதுவும் கிடைக்காமையால் நூற்பாவை நாமே யாத்து, உரையையும் நாமே எழுதி, அவ்வுரையை வன்மையாக மறுக்கும் உரையையும் நாமே எழுதியிருக்கிறோம். இனி இக்கட்டுரையில் உரையாசிரியர், மறுப்புரைகாரர், இரண்டாம் மறுப்புரைகாரர் என்று வருவோர் யாவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். தம்மையே மேற்கோள் காட்டி முன்னேறும் இம்முறைக்குப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே நல்ல மதிப்பு இருப்பதால் இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முதல் நூற்பா வருமாறு: 'நண்பர் மனையும் நகராக் கடலும் பிறர்சமைத் தளிக்கும் பெருகிய உணவும் ஒருங்கமை விடத்தே எழாமை பிறக்குமே.' மனை, கடல், உணவு என்னும் மூன்றும் கூடிய இடத்தில், உட்கார்ந்தவர் எழமாட்டார் என்பது இதன் பொழிப்பு. மூன்றில் எது தலையாய காரணம் என்பதுதான் வழக்கு. கடலே என்பர் பயண முகவர். உணவே என்பர் சமையல் நூலார். மனையே, அதாவது விருந்தோம்புகிறவரே, என்பது இவ்வாய்வின் துணிபு. மெதுவாக இருப்பது விருந்தாளியின் திறமையுமன்று, கடலின் கொடையுமன்று. அது அவருக்காக இன்னொருவர் செய்து தரும் பண்டம். இதை நிறுவும் முன் சில்லறைப் பொருள்களைத் தீர்த்துவிடலாம்.

மணல்: பேரண்டம் முழுவதையும் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸ் கணக்கிட்டு, 10-இன் 63-ஆம் அடுக்குக்கு மேல் வேண்டாம் என்று சிராகூஸ் அரசர் கெலோனுக்கு எழுதித் தந்துவிட்டார், மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை. சூரியன்: உண்டு. அஸ்தமனம்: மேற்கே. கைபேசி: விலக்கு. கையோடு கொண்டுபோன கனத்த நாவல்: முதல் அத்தியாயம் கடந்ததற்குச் சான்றில்லை, தலைக்கு வைத்துக்கொள்ளப்பட்டதற்கு உண்டு. மரமட்டைப் பந்து: கரையில் இருவர் எதிரெதிரே நின்று பந்தைக் கீழே விழாமல் அடித்துக்கொண்டே இருப்பது, இருவரும் ஒருவருக்கொருவர் உதவுவதால் யாரும் தோற்பதில்லை, ஆகையால் கல்வியாளருக்கு இது விளங்காது. காற்று: ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏஜியன் கடல்மீது வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி, ஆண்டுதோறும் தவறாமல் வரும் இக்காற்றை அரிஸ்டாட்டில் தம் வானிலை நூலிலேயே ஆராய்ந்திருக்கிறார். அது மிகுந்து வீசினால் துறைமுகத்தார் கப்பலை விடமாட்டார்கள். விருந்தாளியின் புறப்பாடு தள்ளிப்போகும். இயற்கை விருந்தோம்புவோர் பக்கமே நிற்கிறது என்பதற்கு இது முதற்சான்று.

இனி முன்னோர் மரபு. கி.மு. 347-இல் பிளேட்டோ இறந்தபின் அரிஸ்டாட்டில் ஏதென்ஸை விட்டு நீங்கினார். ஆசியக் கரையிலுள்ள அஸோஸ் நகரில் சில காலம் இருந்துவிட்டு, எதிரே தெரியும் லெஸ்போஸ் தீவுக்குப் போனார். அது அவருடைய நண்பர் தியோஃப்ராஸ்டஸின் சொந்தத் தீவு. அதன் மேற்கோரத்து எரெசோஸ் தியோஃப்ராஸ்டஸ் பிறந்த ஊர். தீவின் நடுவரை கடல் நுழைந்து ஏரிபோலக் கிடக்கும் வளைகுடா ஒன்று அங்கே இருக்கிறது. அன்று பிர்ரா என்றார்கள், இன்று கல்லோனி என்கிறார்கள். அந்நீரின் மீனும் கணவாயும் சிப்பியும் அரிஸ்டாட்டிலின் விலங்கு நூல்களில் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மொழிபெயர்த்து 1910-இல் வெளியிட்ட டார்சி தாம்சன் இவ்வூர்ப்பெயர்களைக் கவனித்து, பெரும்பகுதி ஆராய்ச்சி இக்கரையில்தான் நடந்திருக்க வேண்டும் என்றார். கடல்முள்ளெலியின் வாய்ப்பகுதிக்கு இன்றும் விலங்கியலில் அரிஸ்டாட்டிலின் விளக்கு என்றே பெயர். ஆக, உயிரியல் என்னும் துறை, ஒருவர் தம் கிரேக்க நண்பரோடு கடற்கரையில் தங்கி, அவசர வேலை ஏதுமின்றித் தண்ணீரை நெடுநேரம் உற்றுப்பார்த்ததால் பிறந்தது என்பது போதரும். அவர் நண்பர் வீட்டிலேயே தங்கினார் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பீராயின், இல்லை. சான்றில்லாமை எந்த ஆய்வாளரை எப்போது தடுத்திருக்கிறது? தங்கவில்லை என்பதற்கும் சான்றில்லை என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடுவதே நெறி.

அடுத்து ஹோமர். ஒடிசியில் கடலால் கரையில் ஒதுக்கப்பட்ட ஒடிசியஸ் ஃபேயாக்கியர் நாட்டு அரண்மனைக்குள் நுழைகிறான். அவனை உட்காரவைக்கிறார்கள், கைகழுவ நீர் தருகிறார்கள், சோறிடுகிறார்கள். மறுநாள் பாட்டு, விளையாட்டு, குளியல், மறுபடி விருந்து. அதற்கெல்லாம் பிறகுதான் அரசன் ஆல்கினூஸ், 'உன் பெயர் என்ன, ஊர் எது?' என்று வற்புறுத்திக் கேட்கிறான். இதை ஒரு விடுதியின் வரவேற்பு மேசையோடு ஒப்பிட்டு நோக்குக. அங்கே முதலில் கடவுச்சீட்டு, பிறகு அட்டை, பிறகு கையெழுத்து. சோறு கடைசியில், அதுவும் காலை பத்து மணிக்கு மேல் கிடையாது. பெயரை முதலில் கேட்கும் இடத்தில் மனிதன் வாடிக்கையாளர் ஆகிறான்; வாடிக்கையாளர் ஆனவன் கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்க்கிறான்; கணக்குப் பார்ப்பவனால் மெதுவாக இருக்க முடியாது. வாடகைக் குடையின் கீழ் வாடகைக் கட்டிலில் படுத்திருப்பவர் அடிக்கடி கடிகாரம் பார்ப்பது இதனால்தான். 2023-இல் பாரோஸ் தீவு மக்கள் இந்த வாடகைக் கட்டில்கள் தங்கள் கரையை விழுங்கிவிட்டன என்று துண்டுகளோடு வந்து போராடினார்கள். மறு ஆண்டே அரசு சட்டம் செய்து கரையில் பாதியையாவது காலியாக விடவேண்டும் என்றது. இடத்துக்காக நடந்த போராட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதின. கடிகாரத்துக்கு எதிராக நடந்த போராட்டம் என்பது நம் உரையாசிரியர் கருத்து.

இடமே மெதுவான இடமாக இருந்தால் போதாதா, விருந்தோம்புவோர் எதற்கு என்று மறுப்புரைகாரர் கேட்கிறார். அவர் காட்டும் சான்று ஹைட்ரா தீவு. அங்கே தனியார் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. சுமையைக் கழுதையும் கோவேறு கழுதையும் தூக்குகின்றன. கழுதையின் வேகத்தில் ஓடும் ஊரில் யார் அவசரப்பட முடியும் என்கிறார். முடியும். பிரேயஸ் பக்கத்துத் துறைகளிலிருந்து ஹைட்ரா, போரோஸ், ஏஜினா மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டு மாலையில் திரும்பும் கப்பல்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இறங்குகிறவர், கழுதை நிதானமாக நடக்கும் கல்பாவிய சந்தில் அக்கழுதையை முந்திக்கொண்டு ஓடுகிறார். அதே சந்தில், அதே வெயிலில், மாடியில் நண்பர் வீட்டுத் திராட்சைப் பந்தலின் கீழ் இருப்பவர் ஒரே குவளைக் குளிர் ஃபிராப்பேயை இரண்டு மணி நேரம் குடிக்கிறார். (இப்பானம் 1957-இல் தெசலோனிகி பொருட்காட்சியில், காப்பி கலக்கச் சுடுதண்ணீர் கிடைக்காத ஒருவர் கையில் தற்செயலாகப் பிறந்தது, அவசரத்தில் செய்த ஒன்று இத்தனை நிதானத்துக்குப் பயன்படுவது தனி ஆய்வுக்குரியது.) இடம் ஒன்று, கழுதை ஒன்று, வெயில் ஒன்று, வேறுபடுவது மனை மட்டுமே. ஆகவே மனையே காரணம்.

இனி நம் ஆய்வின் உயிர்நிலை. கிரேக்கக் கடற்கரைக்குக் காலை பத்து மணிக்குமேல் போகிறவர் கண்ணில் ஒரு காட்சி தப்பாது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த மூதாட்டியர் நால்வர் ஐவர் இடுப்பளவு நீரில் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீந்துவதில்லை, முங்குவதில்லை, தலைமயிர் நனைவதில்லை. ஆயினும் இது கடற்குளியல் என்றே கணக்கில் ஏறும். கணக்கு உண்டு: இந்தக் கோடையில் எத்தனை குளியல் ஆயிற்று என்று எண்ணிச் சொல்வார்கள், எண்ணிக்கை குறைந்தால் குளிர்காலத்தில் உடம்பு படுத்தும் என்பது நம்பிக்கை. கோடையில் தேர்தல் வைத்து மக்களின் கடற்குளியலைக் கெடுக்கக் கூடாது என்னும் வாசகம், பிரதமராயிருந்த ஆந்த்ரேயாஸ் பாப்பான்த்ரேயுவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது என்றால் இதன் அரசியல் கனத்தை உணரலாம். இக்காட்சிக்குரிய நூற்பா: 'கணுக்கால் முழங்கால் இடுப்பே கழுத்தென நால்வகை ஆழமும் நாற்பொருள் உடைத்தே.' இதன் உரை: கணுக்கால் ஆழத்துக்குரிய பேச்சு தண்ணீரின் சூடு. முன்னே போனவர் 'வா, சூப் மாதிரி இருக்கிறது' என்பார், இருக்காது. முழங்கால் ஆழத்துக்குரியது இன்று யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் ஏன் வரவில்லை என்பது. இடுப்பாழத்துக்குரியவை கல்யாணம், பாகப்பிரிவினை, மருமகள், மின்கட்டணம், அரசாங்கம். கழுத்தாழத்துக்குரியது மத்தியானச் சாப்பாடு.

இவ்வொழுங்குக்குக் காரணம் என்ன? கை, என்கிறார் உரையாசிரியர். கிரேக்க வாதத்தில் பாதி கையால் நடப்பது. இடுப்பாழம் வரை இரு கையும் நீருக்கு மேலே விடுதலையாக இருப்பதால் சொத்து வழக்கும் அரசியலும் அங்கே நிகழ்கின்றன. கழுத்தாழத்தில் கை மூழ்கிவிடுவதால், யாரும் மறுக்காத பொருளான சாப்பாடு மட்டுமே எஞ்சுகிறது. மறுப்புரைகாரர் இதை ஏற்கவில்லை. ஆழம் பொருளைத் தீர்மானிப்பதில்லை, பொருளே ஆழத்தைத் தீர்மானிக்கிறது; அண்ணன் தம்பி நிலத்தகராறு வந்ததும் பேசுகிறவர் தம்மையறியாமல் கரைப்பக்கம் இரண்டடி வந்து கையை விடுவித்துக்கொள்கிறார் என்பது அவர் கட்சி. இதற்கு இரண்டாம் மறுப்புரைகாரர் தம் 'நூற்பா இரண்டின் உரைமறுப்புக்கான மறுப்புரை' என்னும் நூலில் உயரச் சிக்கலை எழுப்புகிறார். வட்டத்தில் நெட்டையானவர் ஒருவரும் குட்டையானவர் ஒருவரும் இருந்தால், ஒரே நீர் ஒருவருக்கு இடுப்பும் மற்றவருக்கு மார்புக்கு மேலும் ஆகிறது. அப்போது நெட்டையானவர் வாதாடிக்கொண்டிருக்க, குட்டையானவர் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டியவராகிறார். ஆதலால் கிரேக்கக் கடலில் வழக்கை எப்போதும் நெட்டையானவரே வெல்கிறார் என்று முடிக்கிறார். இதை அந்நூலின் திருத்திய பதிப்புக்கு அவரே எழுதிய அணிந்துரையின் பிற்சேர்க்கை, ஈகாரப் பிரிவு, அவரே கைப்பட எழுதிய ஓரக்குறிப்பில் தகர்க்கிறார்: குட்டையானவர் கல்மேல் நிற்கலாமே. இக்கல்லைப் பற்றிய ஆய்வு தனியே நடைபெற்று வருகிறது. முடிவு வரும்வரை இதன் மேல் கருத்தரங்கு ஒன்று கூட்டிச் சான்றிதழ் வழங்குவதில் தடையில்லை.

நூற்பாவின் 'நகராக் கடல்' என்பதன் நுட்பம் இங்கேதான் விளங்கும். மத்தியதரைக் கடல் இயற்கையாகக் குறுகிய ஜிப்ரால்டர் நீரிணையால் மட்டுமே பெருங்கடலோடு சேர்ந்திருப்பதால் அங்கே ஏற்றவற்றம் மிகச் சிறிது. ஏஜியனின் பெரும்பாலான கரைகளில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறி இறங்குவதே இல்லை. பதினொரு மணிக்கு இடுப்பளவாக இருந்த நீர் ஒரு மணிக்கும் இடுப்பளவுதான். இதனால் ஒரு பாகப்பிரிவினையை அதே ஆழத்தில் தொடங்கி அதே ஆழத்தில் முடிக்க முடிகிறது. அலை ஓயாமல் அடித்து ஆளைப் புரட்டும் சென்னைக் கடற்கரையில் இவ்வகை உரையாடல் ஏன் தோன்றவில்லை என்பதற்கும் இதுவே விடை. விதிவிலக்கு ஒன்று: கால்கிஸ் நகரை ஒட்டிய எவ்ரிப்போஸ் நீரிணையில் நீரோட்டம் ஒரு நாளில் பலமுறை திசை மாறும். அரிஸ்டாட்டில் கி.மு. 322-இல் காலமானது அவ்வூரில்தான். அவ்வோட்டத்தின் காரணம் பிடிபடாத ஏக்கத்தில் அதிலேயே குதித்தார் என்பது பிற்காலக் கட்டுக்கதை. எனினும் கட்டுக்கதையின் படிப்பினை தெளிவானது: கடலை ஆராயப் போனவரைப் பற்றித்தான் இப்படிக் கதை எழுகிறது, கடலில் நின்று மருமகளைப் பற்றிப் பேசியவரைப் பற்றி எழவில்லை. இனி, இவ்வட்டத்தில் விருந்தாளிக்கு இடம் உண்டா? உண்டு. மொழி தெரியாவிட்டாலும் உண்டு. ஆனால் எப்படி நுழைகிறார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. 'இவர் யார் வீட்டுக்கு வந்தவர்?' என்று வட்டம் கேட்கும். வீட்டின் பெயர் சொல்லப்பட்டதும் வட்டம் அரையடி விலகி இடம் தரும். விடுதியின் பெயரைச் சொல்லி அவ்வட்டத்துக்குள் புகுந்தவர் இலர். கடல் எல்லாருக்கும் பொது. வட்டம் வீட்டார் வழியாக மட்டுமே.

சாப்பாட்டுக்குப் பின் கடலில் இறங்கலாகாது, இரண்டு மூன்று மணி நேரம் செரிக்க வேண்டும் என்பது கிரேக்கப் பாட்டிமார் சட்டம். அதற்குப் பொருத்தமாக அரசின் சட்டமும் இருக்கிறது. கோடையில் பிற்பகல் 3.00 முதல் 5.30 வரை பொது அமைதிக்குரிய நேரம். சுத்தியல் தட்டுவதும் பாட்டை உரக்க வைப்பதும் காவல்துறை ஆணைப்படி குற்றம். இந்நேரத்தில் தூங்குவதன் பயனை அறிஞர் அளந்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான ஆய்வொன்று 23,681 கிரேக்கர்களை ஆறு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, முறையாகப் பகலில் தூங்கியோரிடம் இதயநோய் மரணம் 37 விழுக்காடு குறைவு என்று கண்டது. தூங்கியதால் நலமா, நலமாக இருந்ததால் தூங்கினார்களா என்னும் கேள்வியில் புள்ளியியலார் விழித்திருக்க, ஆய்வுக்கு உட்பட்டோர் தூங்கினார்கள். இகாரியா தீவின் கதையும் இதைப்போல்தான். அவசரமின்மைக்குப் பேர்போன அத்தீவில் மக்கள் நூறு வயதைத் தொடுகிறார்கள் என்று நூல்கள் குவிந்தன. உலகின் நீண்ட ஆயுள் கணக்குகள் பலவற்றுக்குப் பின்னே பழுதான பிறப்புப் பதிவும் ஓய்வூதிய ஆசையும் இருக்கின்றன என்று காட்டிய சால் நியூமனுக்கு 2024-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. இரு தரப்பும் மோதட்டும். மெதுவாக வாழ்ந்தால் நெடுநாள் வாழலாமா என்பது நம் ஆய்வுக்கு வேண்டாதது. நெடுநாள் வாழ வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

இனி இரு பெருந்தடைகள். முதலாவது: இதற்கெல்லாம் ஆய்வெதற்கு, கிரேக்கர் சோம்பேறிகள் என்று சொல்லி முடித்துவிடலாமே என்பது. கடன் நெருக்கடிக் காலத்தில் ஐரோப்பியப் பத்திரிகைகள் சில இப்படித்தான் முடித்தன. எண்கள் வேறு சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி வாரத்தில் மிகுதியான நேரம் வேலை செய்தோர் கிரேக்கரே: சராசரி 39.8 மணி. 2024 ஜூலையில் சில தொழில்களில் வாரம் ஆறு நாள் வேலைக்கும் அங்கே சட்டம் இடம் தந்தது. ஆக, விருந்தாளி கரையில் காணும் நிதானம் ஓர் இனத்தின் இயல்பன்று. ஆண்டெல்லாம் உழைத்தவர், ஆகஸ்டு 15-இல் வரும் அன்னை மரியாள் திருநாளை ஒட்டி ஏதென்ஸைக் காலிசெய்து பூர்வீக ஊருக்கு வரும்போது பிடிவாதமாக உண்டாக்கிக்கொள்வது. இரண்டாம் தடை: உபசரிப்பு மிகுந்தால் சிறையாகாதா? ஆகும். கலிப்ஸோ தன் தீவில் ஒடிசியஸை ஏழாண்டு வைத்திருந்தாள், குறை ஒன்றுமில்லை, அவனோ நாள்தோறும் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அழுதான். கடற்கரை, பிரிவு, இரங்கல் மூன்றும் கூடியதால் இது நெய்தல் திணை என்று நிறுவ ஆய்வேடு ஒன்று வரத்தான் போகிறது. நெய்தலில் கரையில் இரங்குபவள் தலைவி ஆயிற்றே என்று கேட்பவரை அவ்வாய்வேடு அடிக்குறிப்பில் திட்டும். இச்சிக்கலுக்குத் தீர்வை ஒடிசியே வேறிடத்தில் தருகிறது: புறப்பட விரும்பும் விருந்தாளியைப் பிடித்துவைப்பதும், இருக்க விரும்புகிறவரைத் துரத்துவதும் ஒரே அளவு குற்றம் என்பது அரசன் மெனலாயோஸ் ஒடிசியஸின் மகன் டெலமக்கஸிடம் சொல்லும் கருத்து. விடுதியில் இவ்விரு குற்றமும் நிகழ்கின்றன: ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால் பணம் திரும்பாது, பதினொரு மணிக்குமேல் இருந்தால் கூடுதல் பணம்.

இவ்வாறு மனையே காரணம் என்பது நிலைபெற்றது. ஆனால் முதல் நூற்பாவில் உரையாசிரியர் ஒருவரும் வாய்திறக்காத தொடர் ஒன்று எஞ்சுகிறது: 'பிறர்சமைத் தளிக்கும்.' யார் அந்தப் பிறர்? கோடையில் கிரேக்க வீட்டில் அடுப்பு வெயிலுக்கு முன் எரிந்து அணைய வேண்டும். விருந்தாளி புரண்டு படுக்கும் அதிகாலையில் வீட்டு அம்மாள் தக்காளியையும் குடைமிளகாயையும் குடைந்து, அரிசியும் கீரைவகையும் அடைத்து, கெமிஸ்தா தட்டை அடுப்பில் வைத்தாயிற்று. அவர் எழும்போது தர்பூசணி அறுத்துக் குளிர்ந்திருக்கிறது. கடற்துண்டு துவைத்துக் கொடியில் காய்ந்திருக்கிறது. மாலையில் தாவெர்னா என்னும் உணவகத்தில் பில் வருமுன்பே வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பணம் கட்டியாயிற்று. இதிலிருந்து நாம் வகுக்கும் விதி: வேகம் அழிவதில்லை, விருந்தாளியை விட்டு இறங்கிய வேகமெல்லாம் வீட்டார் தலையில் ஏறுகிறது. ஒருவர் எவ்வளவு மெதுவாக இருக்கிறாரோ அவ்வளவு விரைவாக இன்னொருவர் அடுக்களையில் இயங்கிக்கொண்டிருக்கிறார். இதை முன்னோர் கவனிக்கவில்லை. கல்லோனிக் கரையின் உயிர்களை, கணவாயின் மைப்பை வரை, குறித்து வைத்த மரபு, அன்று இரவு அறிஞர்களுக்குச் சோறு போட்டது யார் என்று ஒரு வரி எழுதவில்லை. அம்மரபை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோரும் கேட்கவில்லை. தங்கள் மேசைக்குத் தேநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் ஆய்வாளரிடம் என்றுமே இருந்ததில்லை.

ஆகவே பரிந்துரைகள். கிரேக்க நண்பர் இல்லாதவர் முதலில் ஒருவரைச் சம்பாதிக்க வேண்டும். கடல் அதற்குப் பிறகு. போகும்போது ஊர் இனிப்புக்கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போவது அங்கத்திய முறை, வெறுங்கையோடு நுழையலாகாது. பில்லுக்காகச் சண்டையிட வேண்டும்; வெல்லக் கூடாது. வட்டத்தில் நிற்கும்போது நெட்டையானவருக்கு எதிர்க்கட்சி ஆகக் கூடாது. காலையில் ஒரு நாளாவது வீட்டு அம்மாளுக்கு முன்பே எழுந்து தக்காளி குடைய வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவ எழ வேண்டும். அவர் தடுப்பார், நாற்காலியைக் காட்டுவார், கையிலிருந்து தட்டைப் பிடுங்குவார். விடாதீர்கள். எழாதிருத்தல் இயலில் அனுமதிக்கப்பட்ட எழுச்சி அது ஒன்றே.